பெயர் வாசிக்கும் சனிக்கிழமை

சத்தியபாமா அந்தக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபோது அதற்குள் ரவைக் கேசரி இருந்தது. அந்த நாட்டில் அவள் விட்ட முதற்பிழை அது.

தெற்குக் கண்டத்தில் வெரிபீ என்ற கடலோர ஊருக்கு வந்து மூன்று மாதமாகியிருந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நான்கு, நவம்பர் மாதத்து முதற் சனிக்கிழமை. பக்கத்துத் தோட்டத்துக் கிழவி ஸ்தொயாங்கா வேலிக்கு மேலால் ஒரு கோப்பையை நீட்டினாள். அவித்த கோதுமை. அதன் மேல் சீனித் தூள் வெள்ளையாகத் தடவி, அதில் வாதுமைப் பருப்பு பதித்திருந்தது. கிழவி புதுத் தலைத்துண்டு கட்டியிருந்தாள். ஏதோ பெருநாள் பலகாரம் என்று சத்தியபாமா முடிவு கட்டிவிட்டாள். வெறுங்கோப்பையைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாதவள், நெய் விட்டு, முந்திரிகைவற்றல் போட்டுக் கேசரி கிண்டி, அன்று பின்னேரமே கொண்டுபோய், "இனிய பெருநாள் வாழ்த்துகள்" என்று ஆங்கிலத்தில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கொடுத்தாள்.

ஸ்தொயாங்கா கோப்பையையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே விரலால் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள்.

"இனிப்பு" என்றாள்.

அந்தத் தெருவில் ஏழு வீடுகள். ஐந்தில் பல்கேரியர்கள். கோவா, பூக்கோவா என்று மரக்கறி பயிரிடுகிறவர்கள். உலகச் சண்டைக்கு முன்னும் பின்னுமாகக் கப்பலேறி வந்து, கடலோரத்து மண்ணைக் கொத்திக் கொத்தித் தோட்டமாக்கியவர்கள். சத்தியபாமா கிளிநொச்சியில் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். 'பல்கேரியா: தலைநகர் சோபியா. விளைபொருட்கள் புகையிலை, ரோசா' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள். அந்த ஒரு வரிக்கு நடுவில் போய்க் குடியிருக்கப் போகிறாள் என்று அப்போது யார் கண்டது.

தமிழ்ச் சனங்கள் நகரத்தின் மறுபக்கத்தில் இருந்தார்கள். மொத்தமே விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். அங்கே வீடு பார்க்கலாம் என்று அவள் கேட்டபோது அவளுடைய கணவர் இரத்தினசிங்கம், "வேலைக்குத் தூரம்" என்றார். நகரத்துக் கழிவுநீரெல்லாம் வந்து சேரும் பெரிய பண்ணையில் அவருக்குத் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. தூரம் என்பது உண்மைதான். ஆனால் தமிழ்ச் சனம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் அவர் வந்தார் என்பதும் அவளுக்குத் தெரியும். தமிழ்ச் சனம் என்றால் விசாரிக்கும்.

கோதுமையின் அர்த்தம் அடுத்த மார்ச்சில்தான் தெரிந்தது. மறுபடியும் ஒரு சனிக்கிழமை, மறுபடியும் கோப்பை. இந்த முறை ஸ்தொயாங்கா கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருந்தது. நிலத்தைக் காட்டினாள்.

"அம்மா. கீழே. அப்பா, கீழே. அண்ணன், சண்டை, எங்கே என்று தெரியாது. இது அவர்களுக்கு. நீ சாப்பிட்டால் அவர்கள் சாப்பிட்ட மாதிரி."

சத்தியபாமாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. செத்தவர்களுக்குப் படைத்ததை வாங்கிக்கொண்டு, கேசரியும் வாழ்த்தும் கொடுத்திருக்கிறாள்.

"ஐயோ, அண்டைக்கு நான்... மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஸ்தொயாங்கா சிரித்தாள். "என் அம்மாவுக்கு இனிப்பு பிடிக்கும். அவளுக்கு முதல் தடவை மஞ்சள் இனிப்பு!"

பிறகு விளங்கப்படுத்தினாள். வருடத்தில் மூன்று சனிக்கிழமை இப்படி வரும். செத்தவர்களின் பெயரைக் கடதாசியில் எழுதிப் பாதிரியாரிடம் கொடுத்தால் அவர் ஒவ்வொன்றாக உரத்து வாசிப்பார். வாசித்தால்தான் அவர்களுக்கு அது போய்ச் சேரும். கோதுமையை வாங்குகிறவர் நன்றி சொல்லக்கூடாது. 'போக் தா ப்ரொஸ்தி' என்று சொல்ல வேண்டும். கடவுள் மன்னிக்கட்டும்.

"உனக்கு? உனக்கு யார் கீழே? சொல்லு, எழுதுகிறேன். கடவுளுக்கு எல்லாப் பெயரும் விளங்கும்."

சத்தியபாமா தகப்பன் பெயரைச் சொன்னாள். தாய் பெயரைச் சொன்னாள். கிழவி பென்சில் நுனியை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தன் எழுத்தில் எழுதினாள்.

"வேறு?"

மூன்றாவது பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இரத்தினசிங்கம் பத்தடி தூரத்தில், தோட்டத்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். குழாயை மூடியும் விட்டார். ஆனால் அவர் திரும்பவில்லை.

"வேறு இல்லை" என்றாள் சத்தியபாமா.

அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான். முகுந்தன். இரத்தினசிங்கம் கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்தவர். எழுபத்திரண்டாம் ஆண்டு சிறுபோகத்துக்கு, கமக்காரர் வந்து கெஞ்சுகிறார்கள் என்று, குறித்த நாளுக்கு ஒரு நாள் முந்தியே குளத்துத் துருசுக் கதவைத் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடச் சொல்லிக் கையெழுத்து வைத்தார். காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். முகுந்தன் பந்தை எடுக்கத் திரும்பினானாம். எட்டு வயது.

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும், "நீர் என்ன செய்வீர், இரத்தினம்" என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. முப்பத்தோராம் நாள் கழிய, சுவரில் இருந்த படத்தை அவரே கழற்றினார். பேசக்கூடாது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அவள் அந்தப் பெயரை எடுத்தால் எழுந்து வெளியே போவார். திரும்பி வர இரண்டு மணித்தியாலமாகும். நான்கைந்து தடவைக்குப் பிறகு அவளும் விட்டுவிட்டாள். கப்பலில் வரும்போது படம் அவளுடைய கூறைச்சேலைக்கு அடியில் பெட்டிக்குள் கிடந்தது. வந்த இடத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முதன்முதலில் யாரோ கேட்டபோது, அவள் வாயைத் திறக்கும் முன் அவர் "இல்லை" என்றார். அதற்குப் பிறகு அதுவே பதிலாகிவிட்டது.

இப்படி, பெற்று வளர்த்த பிள்ளையின் பெயர் தெரிந்த ஒருவர்கூட இல்லாத ஊரில் அவள் குடியிருந்தாள்.

காலையில் அவர் போய்விடுவார். பாத்திரம் கழுவி, உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டால் பத்து மணி. பிறகு பின்னேரம் வரைக்கும் காற்றுத்தான். கடலிலிருந்து வரும் காற்று. சில நாள் பண்ணையின் வாடையையும் சேர்த்துக் கொண்டுவரும். பூக்கோவாக் காலத்தில் ஸ்தொயாங்காவின் கொட்டிலுக்குப் போய் இலை வெட்டிப் பெட்டியில் அடுக்குவாள். இரண்டு பேருக்கும் பேசுவதற்கு அதிகம் பாஷை இல்லை. அது ஒரு வசதியாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் மறுபக்கத்துக் கிளேட்டனில் இருந்து யோகராணி போன் எடுப்பாள். ஒரு டாக்டரின் மனைவி. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள். சத்தியபாமாவின் பழைய கதை ஒன்றும் தெரியாது.

"சத்தியக்கா, இன்னும் அந்தச் சாக்கடைப் பண்ணைக்குப் பக்கத்திலை தானோ?"

"ஓம், இஞ்சைதான்."

"உங்களுக்கு விசர். பல்கேரியா எந்தத் திக்கிலை கிடக்கெண்டே எனக்குத் தெரியாது, நீங்கள் அதுகளோடை கோவா வெட்டிக்கொண்டு நிக்கிறியள். அண்ணையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு இஞ்சாலை வாங்கோவன்."

"அவருக்கு வேலைக்குத் தூரம்."

"அதுவும் சரிதான். ரெண்டு பேரும் ராசாவும் ராணியும் மாதிரி. எனக்கெண்டால் மூண்டும் காலுக்குள்ளை. பள்ளிக்கூடம், சளி, சண்டை... பிள்ளை குட்டி இல்லாததும் ஒரு விதத்திலை நிம்மதிதான், என்னக்கா?"

"ஓம்" என்றாள் சத்தியபாமா.

இரத்தினசிங்கத்துக்குச் சனிக்கிழமைகளில் ஒரு போக்கிடம் உண்டாயிற்று. ஸ்தொயாங்காவின் புருஷன் திமிதர் கோவாப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டும் வாய்க்கால். திமிதருக்கு எழுபது வயதுக்கு மேல். ஒரு காது முழுச் செவிடு. மற்றக் காதில் கத்தினால் கொஞ்சம் கேட்கும். சிறிய மரப்பலகைக் கதவை இழுத்துத் தண்ணீர் விட்டுவிட்டு, இரண்டு பேரும் கரையில் கவிழ்த்த பெட்டிகளில் இருப்பார்கள். குசினி ஜன்னலால் பார்த்தால் இரண்டு முதுகும் தெரியும். வீட்டில் "சோறு", "சாவி", "மழை" என்று ஒற்றைச் சொல்லில் சீவிக்கிற மனிசன் அங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரியும். வாய்க்காலைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர் எப்படி அங்கே போய் இருக்கிறார் என்று அவளுக்கு ஆச்சரியம்.

ஒருமுறை கேட்டாள்: "என்னப்பா அந்த மனிசனோடை அவ்வளவு கதை?"

"தண்ணி விடுறதைப் பற்றி."

"அவருக்குக் காது கேக்காதே?"

"ஓம், கேக்காது" என்றார். சேற்றுச் சப்பாத்தை வாசலில் தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எழுபத்தெட்டு மார்ச்சில் திமிதர் இறந்தார். கொட்டிலில் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர், ஆணியை வாயில் வைத்தபடியே சரிந்துவிட்டார். இரத்தினசிங்கம் இரண்டு நாள் லீவு எடுத்தார். சவப்பெட்டி தூக்க அவரும் ஒரு பக்கம் பிடித்தார். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் வாய்க்கால் பக்கம் போகவில்லை. கராஜுக்குள் காரின் முன்சீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக் குடித்தார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை வந்தது. திமிதர் போன பிறகு வருகிற முதற் கோதுமை. வழக்கமாகத் திமிதரே காரோட்டிக் கூட்டிப்போகும் ஸ்தொயாங்காவுக்கு இப்போது ஆளில்லை. இரத்தினசிங்கம் தானாகவே, "நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். கிழவி சத்தியபாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீயும் வா.

ஃபுட்ஸ்கிரேயில் ஒரு வாடகை மண்டபம். பாதிரியார் சில மாதங்களுக்கு ஒரு முறை வருவார். அங்கே ஜூன் என்றால் நல்ல குளிர். இரத்தினசிங்கம் காரை மரத்தடியில் விட்டுவிட்டு, "நீர் போயிட்டு வாரும். நான் இதுக்குள்ளை இருக்கிறன்" என்றார்.

உள்ளே நீண்ட மேசை. வீட்டுக்கு ஒன்றாகக் கோதுமைக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுதிரி. கறுப்பு உடுத்த பெண்கள் தங்கள் தங்கள் கோப்பைக்குப் பின்னால் நின்றார்கள். சத்தியபாமா ஸ்தொயாங்காவுக்குப் பக்கத்தில், தன்னுடைய சாம்பல் நிறக் கோட்டுடன் நின்றாள். பாதிரியார் ஏதோ ராகம் போட்டு ஓதினார். பிறகு கடதாசிகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். பெயர்கள். இவான், பெத்கோ, மரீயா, இவான், நெதெல்யா, இன்னுமொரு இவான். எத்தனை இவான்கள் என்று அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றாள். பாதிரியார் அடுத்த கடதாசியை எடுத்தார். திமிதர் என்றார். ஸ்தொயாங்கா நெஞ்சில் சிலுவை போட்டாள். வேறு இரண்டு மூன்று பெயர்கள். அவற்றுக்கு நடுவில் தன் தகப்பன் பெயர், தாய் பெயர். கிழவி மறக்கவில்லை.

பிறகு பாதிரியார், தடுக்காமல், பழகிய பெயரை வாசிக்கிற மாதிரி வாசித்தார்.

"முகுந்தன்."

சத்தியபாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடம். ஒரு ஆண் குரல், மண்டபம் முழுக்கக் கேட்க, அவள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. இவ்வளவு சனத்துக்கு முன்னால். ஒருவரும் வெளியே போகவில்லை. பாதிரியார் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து கோப்பைகள் கைமாறும்போது அவள் ஸ்தொயாங்காவிடம் கேட்டாள்.

"அந்தப் பெயர்... யார் சொன்னது?"

"திமிதர்" என்றாள் ஸ்தொயாங்கா. "உன் மனிதன் திமிதருக்குச் சொன்னான். தண்ணீர்க் கரையில். படம் காட்டினான், அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னான். சின்னப் பையன், பள்ளிக்கூடச் சட்டை. திமிதர் வீட்டுக்கு வந்து விதைப் பைக்கற்றில் பெயர் எழுதி எனக்குத் தந்தான். அழுதான். நானும் அழுதேன்."

"படமா? என்ன படம்?"

"இங்கே வைத்திருக்கிறான்." கிழவி தன் கோட்டின் உள்பையைத் தொட்டுக் காட்டினாள்.

பெட்டிக்குள் கூறைச்சேலைக்கு அடியில் கிடக்கிற படம் ஒன்றுதான் உண்டு என்று அவள் நினைத்திருந்தாள்.

"இதற்கு முன்பும் வாசித்தார்களா?"

ஸ்தொயாங்கா தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். நான்கு வருடப் பழக்கத்தில், அந்தத் தலையாட்டலுக்கு 'ஓம்' என்று அர்த்தமென்பது சத்தியபாமாவுக்குத் தெரியும்.

"ஒவ்வொரு தடவையும். இது எட்டாவது." விரல்களை விரித்துக் காட்டினாள். "உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பாவம், கேட்க முடியாமல்தான் வராமல் இருக்கிறாள் என்று நினைத்தேன்."

எட்டு முறை அவன் பெயர் இந்த மண்டபத்தில் ஒலித்திருக்கிறது. இன்றைக்கு முந்திய ஏழு சனிக்கிழமையும் அவள் வேலிக்கு அந்தப் பக்கத்தில் கோதுமையை வாங்கி, கடவுள் மன்னிக்கட்டும் என்று சொல்லி, யாருக்கோ என்று தின்றிருக்கிறாள்.

ஒரு கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் காருக்கு வந்தாள். ஸ்தொயாங்கா பின்சீட்டில் ஏறினாள். இரத்தினசிங்கம் சாவியைத் திருப்பப் போனார்.

"இஞ்சாருங்கோ. கொஞ்சம் நில்லுங்கோ."

அவர் கையை எடுத்தார்.

"உள்ளுக்கை பெயர் வாசிச்சவை."

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்த மனிசனுக்குச் சொல்லியிருக்கிறியள். ஒரு காது செவிடு, மற்றக் காதும் அரைச் செவிடு. தமிழும் தெரியாது. அவருக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வந்தது."

"அவருக்குக் கேக்காதெண்டுதான் சொன்னனான்" என்றார் இரத்தினசிங்கம். "கேக்கிற ஆள் எண்டால், நீர் என்ன செய்வீர் எண்டு சொல்லும்."

"நான் ஒருநாளாவது அப்பிடிச் சொன்னனானோ?"

"இல்லை."

"அப்ப எனக்கு என்னத்துக்குச் சொல்லேல்லை?"

"நீர் ஒண்டுமே சொல்லேல்லை. அதுதான்..." அவர் நிறுத்தினார். "நீர் என்னை ஏசுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அண்டையிலை இருந்து."

அவளுக்கு ஏசவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. வெளியே கறுப்பு உடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் காரேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கோப்பையை அவருடைய மடியில் வைத்தாள்.

"இதை ஆருக்கெண்டு சொல்லிப்போட்டுத் தின்னுங்கோ. சொல்லாமல் தின்னக்கூடாதாம்."

அப்படியொரு சட்டத்தை ஸ்தொயாங்கா ஒருநாளும் சொன்னதில்லை. சத்தியபாமா அந்த இடத்திலேயே போட்ட சட்டம் அது.

இரத்தினசிங்கம் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சீனித் தூளில் அவருடைய பெருவிரல் பதிந்தது. கண்ணாடியில் மூச்சுப் புகார் படர்ந்து மரம் மறைந்துவிட்டது. சொல்லமாட்டார் என்று அவள் நினைத்தாள். கதவைத் திறந்துகொண்டு போகப்போகிறார் என்று நினைத்தாள். கை கதவுப் பிடிக்குப் போயும் வந்தது.

கடைசியில், தோட்டத்தைப் பற்றி ஏதோ சொல்கிற குரலில் சொன்னார்.

"முகுந்தன் இதைத் தின்னமாட்டான். பருப்பை மட்டும் பொறுக்கிப்போட்டு மிச்சத்தை அப்பிடியே வைச்சிருப்பான்."

"முந்திரிகைவற்றலையும்" என்றாள் சத்தியபாமா. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே புதுமையாக இருந்தது. "கேசரி கிண்டினால் வற்றல் முழுக்க அவனுக்குத்தான்."

"ஓம். வற்றலையும்."

பின்சீட்டில் இருந்த ஸ்தொயாங்காவுக்கு அந்தப் பேச்சு முழுவதிலும் ஒரே ஒரு சொல்தான் விளங்கியது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் நெஞ்சில் சிலுவை போட்டு, "போக் தா ப்ரொஸ்தி" என்று முணுமுணுத்தாள்.

இரத்தினசிங்கம் கோதுமையை ஒரு மணி விடாமல் தின்று முடித்தார். பிறகு கண்ணாடியைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டுக் காரை எடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. அவர் பழையபடி காலையில் போனார். காற்று பழையபடி வீசியது. யோகராணி ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தாள். அந்த வருடம் முடிய முன் அவர் அந்தப் பெயரை இன்னும் இரண்டு முறை சொன்னார். ஒருமுறை, கடையில் ஒரு சோடிச் சின்னச் சப்பாத்தைப் பார்த்து. இன்னொரு முறை, நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை பின்னேரம், சத்தியபாமா தன் குசினியில் முதன்முறையாகக் கோதுமை ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்று.

"முகுந்தனுக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றாள்.

அவர் உள்ளே வந்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரே இருந்து, வாதுமைப் பருப்பின் தோலை உரிக்கத் தொடங்கினார்.